சின்ன விராலுக்கு எந்த ராடு, எந்த ரீல்?

"ப்ரோ, முதல் ஸ்பின்னிங் செட் எது வாங்கலாம்?" இந்தக் கேள்வி நிறைய வருது. பதிலுக்கு முன்னாடி, நான் பண்ண தப்பைச் சொல்லிடறேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி, சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க வீடியோவா பார்த்துத் தள்ளினேன். அங்கே ஸ்ட்ரைப்டு பாஸ்னு வரி போட்ட ஒரு மீன். அதில் சின்னதைப் பிடிக்க லைட் ராடு, மெல்லிய லைன் போதும்னாங்க. நம்ம விராலும் வரி மீன்தான். அறிவியல் பெயரே சன்னா ஸ்ட்ரையேட்டா. ஸ்ட்ரையேட்டான்னா வரி உள்ளதுன்னு அர்த்தம். சரின்னு அதே மாதிரி செட் வாங்கிட்டு, அரியலூர் பக்கம் எங்க ஊர் ஏரிக்குப் போனேன்.

மூணாவது வீச்சுலயே விரால் அடிச்சுது. முக்கால் கிலோ இருக்கும். நேரா ஆகாயத்தாமரைக்குள்ள பூந்துச்சு. ராடு வில்லா வளைஞ்சுது, லைன் பட்டுனு அறுந்துது.

"மீன் சைஸைப் பார்த்த. அது எங்க ஓடி ஒளியும்னு பார்த்தியா மாப்ள?"ன்னு மாமா கேட்டார்.

மீன் கிடைக்காதது பெரிய விஷயமில்லை. வாயில் தூண்டில் முள்ளோட ஒரு உயிர் திரியுதேங்கறதுதான் உறுத்துச்சு. அன்னைக்குப் புரிஞ்சது இதுதான்: மீனோட எடையை மட்டும் பார்த்து ராடு வாங்கக் கூடாது, தண்ணியையும் பார்க்கணும். கொள்ளிடத்துல திருமானூர் பக்கம் மாதிரி செடி இல்லாத திறந்த தண்ணின்னா, மீனை ஓடவிட்டுப் பொறுமையா இழுக்கலாம். லைட் ராடு போதும். ஆனா பெரம்பலூர், அரியலூர் ஏரிகள்ல பல இடத்துல கோரை, ஆகாயத்தாமரை, தண்ணியில மூழ்கின கருவேல முள்ளு. அங்க விராலை ஓடவிட்டா கதை முடிஞ்சுது.

ராடு

"லைட்"னா ராடோட எடை இல்லை. அதை வளைக்க எவ்வளவு விசை வேணும்ங்கறதுதான். கைப்பிடிக்கு மேல சின்ன எழுத்துல லூர் எடை, லைன் பலம் போட்டிருக்கும். கடையில முதல்ல அதைப் படிங்க. விராலுக்குப் போடற ரப்பர் தவளை பெரும்பாலும் 6–12 கிராம். அதனால 5–20 கிராம் வீசற, 6.5 இல்ல 7 அடி மீடியம் ராடு எடுங்க. 2–7 கிராம் ராடுல அந்தத் தவளையை வீசினா, தூரமும் போகாது, நுனியும் உடையலாம்.

ரீல்

2500 சைஸ் போதும். பெட்டியில "12 பேரிங்"னு போட்டிருந்தா மயங்காதீங்க. எத்தனைங்கறதை விட எவ்வளவு தரம்ங்கறதுதான் முக்கியம். 6.2:1ன்னா கைப்பிடியை ஒரு சுத்து சுத்தினா லைன் 6.2 சுத்து ஏறும். தொய்வை வேகமா எடுக்க அது உதவும். கடையிலேயே டிராக்கைப் பாதி இறுக்கி லைனை இழுத்துப் பாருங்க. விட்டு விட்டு வந்தா வேண்டாம், வழுக்கிட்டு வரணும்.

லைன்

என் செட்டுல உண்மையான பக் இதுதான். நைலான் லைன் இழுத்தா நீளும்; செடிக்குள்ள மாட்டின மீனைத் திருப்ப முடியாது. பிரெய்டு நீளாது. 20 பவுண்டு, அதாவது சுமார் 9 கிலோ பிரெய்டு 100 மீட்டர் போதும். டிராக்கை லைன் பலத்துல கால் பங்குக்கு வைங்க, 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேல. லக்கேஜ் எடை பார்க்கற கொக்கித் தராசுல அளந்துடலாம். காசு இடிச்சா ரீல்ல குறைங்க, லைன்ல குறைக்காதீங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி

கார்பன் ராடு மின்சாரம் கடத்தும். கரைக்கு மேல கம்பி போனா அங்க வீசவே வேண்டாம். இடி இடிச்சா ராடைக் கீழே வச்சிடுங்க. நிறைய ஏரி மீன் குத்தகையில இருக்கும், ஊர்ல கேட்டுட்டு இறங்குங்க. கரைவெட்டி பறவைகள் சரணாலயம், 2024-ல ராம்சார் பட்டியலுக்கும் வந்த இடம். அங்க பைனாகுலர் மட்டும் போதும்.

கடைசியா ஒண்ணு. தண்ணி மேல செவப்பா குஞ்சுக் கூட்டம் கொதிக்கற மாதிரி தெரிஞ்சா, கீழே தாய் தகப்பன் விரால் காவல் நிக்கும். அங்க லூர் போட்டா உடனே அடிக்கும், பசியில இல்லை, பிள்ளைகளைக் காப்பாத்த. அதைப் பிடிச்சா குஞ்சுகளை மத்த மீன் காலி பண்ணிடும். அந்த இடத்தை விட்டு நகர்ந்துடுங்க.

இப்ப நான் போறது மீடியம் ராடு, 2500 ரீல், 20 பவுண்டு பிரெய்டோட. இன்னும் மீன் தப்பிக்குது. ஆனா லைன் அறுந்து முள்ளோட போறது ரொம்பக் குறைஞ்சிருக்கு. மாமா இப்போ லைனைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்றதில்லை. அவர்கிட்ட அதுவே பெரிய பாராட்டு. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம் மக்களே!