மைதானத்தில் வளர்ந்த பிள்ளை

குழப்படிகாரன் எனப் பெயரெடுத்த பிள்ளையைத் திருத்தப் பெரியோர் முதலிற் கைக்கொள்ளும் வழி யாது? அவனுடைய விளையாட்டை நிறுத்துவதே. படிப்பிற் கவனமில்லையா, பந்தைப் பறித்து வை. சொற்கேளாதவனா, மாலையில் வெளியே விடாதே. பல வீடுகளிலும் பாடசாலைகளிலும் வழங்கும் நியாயம் இதுவே. ஆனால், நூறாண்டுகளுக்கு முன்னர் அமெரிக்காவிலே, அடங்காதவர்கள் என ஒதுக்கப்பட்ட சிறுவர்கள் வாழ்ந்த விடுதிப் பாடசாலை ஒன்று இதற்கு நேர்மாறான வழியைக் கைக்கொண்டது. அங்கு வளர்ந்த ஒருவரின் பெயரை அந்நாட்டில் இன்றும் அறியாதார் அரியர். அவரே பேப் ரூத்.

ஏழு வயதில் விடுதி வாசம்

மேரிலாந்து மாநிலத்தின் துறைமுக நகரமாகிய போல்டிமோரில், 1866ஆம் ஆண்டு புனித மரியாள் கைத்தொழிற் பாடசாலை தொடங்கப்பெற்றது. கத்தோலிக்கத் துறவறத்தாராகிய சவேரியார் சபைச் சகோதரர்கள் அதனை நடத்தினர். தாய் தந்தையற்றோர், வறியோர், நீதிமன்றத்தால் அனுப்பப்பட்டோர் எனப் பலதிறச் சிறுவர்கள் அங்கே தங்கியிருந்தனர். ரூத் இருந்த காலத்தில் அவர்களின் தொகை ஏறத்தாழ 800.

ஜோர்ஜ் ஹேர்மன் ரூத் என்னும் அச்சிறுவன் 1895இற் பிறந்தவன். தந்தை தவறணை நடத்தினார். பெற்றோருக்கோ பிள்ளையைக் கவனிக்க நேரமில்லை. அவன் தெருவே கதியெனத் திரிந்தான். பாடசாலைக்குப் போகாது களவும் புகையிலையும் பழகினான். 1902ஆம் ஆண்டு ஜூன் 13ஆந் திகதி, 'திருத்தவொண்ணாதவன்' என்ற குறிப்புடன் அவன் அப்பாடசாலையில் ஒப்படைக்கப்பட்டான். அப்போது அவனுக்கு வயது ஏழு! இடையிடையே வீடு சென்று மீண்டானாயினும், பத்தொன்பது வயதுவரை அதுவே அவனுக்குப் பெரும்பாலும் வீடாயிற்று. அவனைப் பார்க்க வந்த உறவினர் மிகச் சிலரே.

தொழிலும் பந்தும்

அங்கே ஒழுங்கு கடுமையானது. அதிகாலையில் துயிலெழல், வழிபாடு, பாடம், பின்னர் கைத்தொழில் என நாள் நகரும். ரூத் தையற்பகுதியிற் சட்டை தைக்கக் கற்றான். பெருஞ்செல்வம் சேர்ந்த பிற்காலத்திலும் தம் சட்டைக் கழுத்துப்பட்டியை அவர் தாமே திருத்திக்கொள்வார் எனச் சொல்வதுண்டு.

இந்த ஒழுங்கிற்கு உயிரூட்டியது விளையாட்டு, குறிப்பாக பேஸ்போல். நம் நாட்டு எல்லே ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். ஒருவர் எறியும் பந்தை மற்றொருவர் துடுப்பால் அடித்துவிட்டு, குறித்த நிலைகளைச் சுற்றி ஓடிவருவதே அதன் சாரம். அப்பாடசாலையிற் சிறுவர்கள் வயதுக்கும் வன்மைக்கும் ஏற்பப் பல அணிகளாகப் பிரிக்கப்பட்டனர். கெட்டிக்காரர் சிலரைத் தெரிந்தெடுத்து ஆடவிட்டு, எஞ்சியோரை வேலியோரத்தில் நின்று கைதட்டச் செய்யும் முறை அங்கில்லை. எவருக்கும் வேண்டாதவனாய் வந்த சிறுவன், தான் வராவிட்டால் ஓரிடம் வெறுமையாகும் என்பதை அம்மைதானத்திலேதான் முதன்முதலாக உணர்ந்தான்.

சகோதரர் மத்தியாஸ்

ஒழுங்கைக் காக்கும் பொறுப்பு சகோதரர் மத்தியாஸிடம் இருந்தது. கனடாவின் கேப் பிரெட்டன் தீவிற் பிறந்த அவர், ஆறடிக்கு மிக உயர்ந்த பேருருவினர். ஆயினும், குரலை உயர்த்துவது அரிது. மாலை வேளைகளில் அவர் ஒற்றைக் கையால் துடுப்பைச் சுழற்றிப் பந்தை விண்ணோக்கி அடிக்க, சிறுவர்கள் அதனைப் பிடிக்க ஓடுவர். அக்காட்சியைக் கண்ட அன்றே துடுப்பாட்டக்காரனாகத் தாம் பிறந்ததாகப் பின்னாளில் ரூத் கூறினார். மத்தியாஸ் அவனுக்குப் பந்தடிக்க மட்டுமன்றி, எழுதவும் வாசிக்கவும் துணைநின்றார். அவருடைய நடையைக்கூட அவன் தன் நடையாக்கிக்கொண்டான்.

ரூத் இடக்கைப் பழக்கமுள்ளவன். அணியில் அவன் பணியோ, துடுப்பாட்டக்காரனுக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பது. அதற்கென அங்கிருந்த கையுறை வலக்கைக்காரருக்கு உரியது. எனவே அதனை இடக்கையில் அணிந்து பந்தைப் பிடிப்பான். மறுகணம் கையுறையைக் கழற்றிவிட்டு அதே கையால் எறிவான்.

ஒருநாள் தன் அணியிற் பந்தெறிபவன் எதிரணியாரிடம் ஓயாது அடிவாங்கியதைக் கண்டு ரூத் நகைத்தான். வேறோரிடமாயின் பிரம்படி கிடைத்திருக்கும். மத்தியாஸோ, பந்தை அவனிடமே கொடுத்து எறியச் சொன்னார். எறியத் தெரியாது என்று அவன் மறுத்தும் அவர் விடவில்லை. போய் நின்று எறிந்தான், நன்றாகவே எறிந்தான். ஏளனத்திற்குத் தண்டனையாக வந்த அப்பொறுப்பே அவன் வாழ்வின் வாயிலைத் திறந்தது.

புகழும் நன்றியும்

1914இல் போல்டிமோர் அணியின் உரிமையாளர் ஜாக் டன், பருவத்திற்கு 600 டொலர் சம்பளத்தில் அவனைச் சேர்த்துக்கொண்டார். 21 வயதுவரை பாடசாலையின் பொறுப்பில் இருக்கவேண்டியவன் ஆதலால், டன் சட்டப்படி பாதுகாவலரானார். அவரின் 'பேப்', அதாவது குழந்தை, என்று தோழர்கள் செய்த கேலியே பெயராக நிலைத்தது. அவ்வாண்டே பொஸ்டன் அணிக்கும், 1920இல் நியூயோர்க் யாங்கீஸ் அணிக்கும் ரூத் சென்றார். பந்தை எல்லைக்கப்பால் அடித்துப் பெறும் 'ஹோம் ரன்'கள் 1927ஆம் ஆண்டில் மட்டும் 60, வாழ்நாளில் 714. அப்பெருந்தொகையை 1974வரை எவரும் கடக்கவில்லை.

1919இல் அப்பாடசாலையின் பிரதான கட்டடம் தீக்கிரையாயிற்று. மறுவருடம் பாடசாலை வாத்தியக் குழுவினர் யாங்கீஸ் அணியுடன் ஊரூராகச் சென்று நிதி திரட்ட ரூத் துணைநின்றார். தாம் அறிந்த மனிதருள் மிகப் பெரியவர் மத்தியாஸ் என்பதை இறுதிவரை கூறிவந்தார்.

மருந்தா, மந்திரமா?

ஆயினும், விளையாட்டு எல்லாப் பிணிக்கும் மருந்தென்று கொள்ளலாகாது. புகழுச்சியிலும் ரூத் உண்டியிலும் களியாட்டத்திலும் கட்டுமீறினார். 1925இல் ஒழுங்கீனத்திற்காக 5,000 டொலர் தண்டம் செலுத்த நேர்ந்தது. அன்றியும், அங்கு வாழ்ந்த ஆயிரக்கணக்கானோருள் ரூத் ஒருவர் மட்டுமே. மற்றையோர் பெயரை ஏடுகள் எழுதவில்லை. அவர்களுக்கு விளையாட்டுத் தந்தது புகழன்று. தோல்வியைத் தாங்கும் நெஞ்சும், தம்மை ஒருவர் கவனிக்கிறார் என்ற நினைவுமே.

அதே அமெரிக்காவில், அண்மைக் காலத்தில் இத்தகைய இளைஞர்க்கான சில தனியார் விடுதிகளில் உடற்பயிற்சியையே தண்டனையாக்கி வதைத்ததாக முறைப்பாடுகள் எழுந்தன. அவ்வகை இல்லங்களில் நிகழும் துன்புறுத்தல்களை ஆராய வழிசெய்யும் சட்டமொன்று 2024 டிசெம்பரிற் பிறந்தது. ஓடுவது ஒன்றே, துரத்தப்பட்டு ஓடுவதும் பந்தை நோக்கி ஓடுவதும் ஒன்றாகுமோ?

புனித மரியாள் பாடசாலை 1950இல் மூடப்பட்டுவிட்டது. அது விட்டுச்சென்ற பாடமோ மூடப்படவில்லை. வீட்டில் அடங்காத பிள்ளை இருந்தால், பந்தைப் பறிக்குமுன் பெற்றோரும் ஆசிரியரும் ஒரு மாலைப்பொழுது அவனுடன் மைதானத்திற்குச் சென்று பார்க்கட்டும். பத்துச் சொற்பொழிவுகள் சொல்லாததை, அவனை நோக்கி அன்புடன் அடிக்கப்படும் ஒரு பந்து சொல்லிவிடக்கூடும்.