வீடு கட்டித் தந்த சங்கங்கள்

1831ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரை ஒட்டிய பிராங்க்போர்ட் என்னும் ஊரில் சிலர் கூடி, 'ஆக்ஸ்போர்டு பிராவிடண்ட் கட்டடச் சங்கம்' என்ற அமைப்பைத் தொடங்கினர. உறுப்பினர்கள் மாதந்தோறும் சிறு தொகை செலுத்துவர். பணம் சேர்ந்ததும் அவர்களுள் ஒருவருக்கு வீடு வாங்கக் கடன் கிடைக்கும். முதற்கடனான 375 டாலரைப் பெற்றவர் காம்லி ரிச். பெயர்தான் 'ரிச்', அவர் செய்ததோ தெருவிளக்கு ஏற்றும் வேலை. அத்தகைய கூலித் தொழிலாளிக்கு வீட்டுக்கடன் கொடுக்க அக்கால வங்கிகள் முன்வரவில்லை.

இந்த முறை நாடெங்கும் பரவியது. 1920களின் இறுதியில் ஏறத்தாழ 12,000 சங்கங்கள் இயங்கின. பல சங்கங்கள் பின்பற்றிய கணக்குமுறை இன்று நமக்குச் சற்று விந்தையாகத் தோன்றலாம். ஒரு பங்கின் மதிப்பு 200 டாலர் என்று கொள்வோம். 1,000 டாலர் கடன் பெறுபவர் ஐந்து பங்குகளுக்குப் பெயர் கொடுக்க வேண்டும். கடனுக்கு வட்டி கட்டுவதோடு, பங்கு ஒன்றுக்கு மாதம் ஒரு டாலர் எனச் சேமித்தும் வர வேண்டும். சேமிப்பும் அதற்குரிய இலாபமும் சேர்ந்து ஒவ்வொரு பங்கும் 200 டாலரை எட்டும் நாளில் அத்தொகை கடனுக்கு ஈடாகிவிடும். பொதுவாக இதற்குப் பதினோரு, பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அதைத் தொடர்ந்த பெருமந்தத்தில், 1933ஆம் ஆண்டிற்குள் தொழிலாளர்களில் நால்வருள் ஒருவர் வேலை இழந்தார். கடன் பெற்றவர்களால் தவணை கட்ட இயலவில்லை. சேமித்தவர்களோ வீட்டு வாடகைக்கும் உணவுக்கும் தங்கள் பணத்தைத் திரும்பக் கேட்டனர். ஆனால், அந்தப் பணம் சங்கத்தின் பெட்டியில் இல்லை. ஊரிலுள்ள வீடுகளின் செங்கல்லிலும் மரத்திலும் இருந்தது.

வங்கியில் பணம் போட்டவர் கேட்டவுடன் கொடுத்தாக வேண்டும். கொடுக்க முடியாத வங்கிகள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டன. சங்கத்தின் நிலை வேறு. பள்ளிக் கூட்டுறவுக் கழகத்தில் பங்கு வாங்கிய மாணவரைப் போல, சங்கத்தில் சேமித்தவர் அதன் உரிமையாளர்களுள் ஒருவர். எனவே, சங்கம் அவரை வரிசையில் காத்திருக்கச் சொல்லலாம். கதவு திறந்தே இருக்கும். பணம் மட்டும் கிடைக்காது. காத்திருக்க முடியாத பலர் தங்கள் பங்குகளை இடைத்தரகர்களிடம் குறைந்த விலைக்கு விற்றனர்.

தவறாமல் தவணை கட்டியவர்களையும் துன்பம் விடவில்லை. பிறர் கட்டாத கடனால் சங்கத்திற்கு ஏற்பட்ட நட்டம் எல்லாருடைய பங்குகளிலும் கழிக்கப்பட்டது. சான்றாக, பத்து ஆண்டுகள் சேமித்த ஒருவரின் பங்கு ஒவ்வொன்றும் 160 டாலராக வளர்ந்திருக்கிறது. இன்னும் 40 டாலர் சேர்ந்தால் வீடு அவருக்கே. அந்த நேரத்தில் பங்கின் மதிப்பில் கால் பகுதி குறைக்கப்பட்டால் 120 டாலரே மிஞ்சும். மீதி 80 டாலர்! ஒரு மாதமும் தவறாதவர் மேலும் பல ஆண்டுகள் கட்ட வேண்டியதாயிற்று. நல்ல காலத்தில் இலாபத்தைப் பகிர்ந்து கொடுத்த அதே விதிதான் கெட்ட காலத்தில் நட்டத்தையும் பகிர்ந்து கொடுத்தது.

1933இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் வீடுகள் கடனுக்காகப் பறிமுதலாயின. சங்கங்களுக்குக் கடன் வழங்க 1932இலேயே கூட்டரசு வீட்டுக்கடன் வங்கிகள் அமைக்கப்பட்டிருந்தன, அவை போதவில்லை. 1933இல் அரசு 'வீட்டு உரிமையாளர் கடன் கழகத்தை' நிறுவியது. அது தத்தளித்த கடன்களை வாங்கி, 15 ஆண்டுகளில் 5 விழுக்காடு வட்டியுடன் செலுத்தும் புதிய கடன்களாக மாற்றியது. ஏறத்தாழ 10 இலட்சம் குடும்பங்கள் இவ்வுதவியைப் பெற்றன. எனினும், அவற்றுள் ஐந்தில் ஒரு பங்கினர் பின்னர் வீட்டை இழந்தனர் என்பதையும் மறைப்பதற்கில்லை. 1934 முதல் சங்கச் சேமிப்புகளுக்கு அரசு காப்புறுதியும் கிடைத்தது.

பழைய பங்குக் கணக்குமுறை மெல்ல மறைந்தது. இப்போது கட்டும் ஒவ்வொரு தவணையிலும் ஒரு பகுதி வட்டிக்கும், மறுபகுதி நேரடியாக அசலுக்கும் போகிறது. அப்படிக் கழிந்த அசல், பக்கத்து வீட்டுக்காரர் தவணை தவறினார் என்பதற்காக மறுபடியும் நம் கணக்கில் ஏறுவதில்லை.