சாளக்கிராமம் பிறந்த மலைநாடு

வைணவ இல்லங்கள் பலவற்றில் பூசைப் பெட்டியைத் திறந்தால், பட்டுத் துணியில் பொதிந்த கரிய உருண்டைக் கல் ஒன்றைக் காணலாம். கைக்கு வழவழப்பாக இருக்கும். ஒரு பக்கத்தில் சிறு துளை. துளையின் உள்ளே நெருங்கிய வரிகளையுடைய சக்கரம். இதுவே சாளக்கிராமம். சிற்பி செதுக்கியதன்று, மந்திரம் ஓதிப் பிரதிட்டை செய்ய வேண்டுவதும் இல்லை. கல்லே கடவுள் என்பது கொள்கை. இக்கல் கிடைக்கும் இடம் உலகில் ஒன்றே என்பர். அது நேபாள நாட்டின் வடபகுதியில், கண்டகி ஆறு பாயும் முஸ்தாங் மலைநாடு.

தமிழர்க்கு அந்நாடு புதிதன்று. நூற்றெட்டுத் திருப்பதிகளுள் சாளக்கிராமமும் ஒன்று. பெரியாழ்வார் அதனைக் குறிப்பிடுகிறார். திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். அத்திருப்பதி கண்டகிக் கரையிலுள்ள முக்திநாத் என்பதே இன்று பெருவழக்கு. ஆழ்வார் பாடிய அந்த ஊர் எத்தகைய நிலத்தில் அமைந்தது, அங்குள்ள கல்லும் நீரும் நெருப்பும் எவ்வாறு வழிபாட்டுக்கு உரியவாயின என்பதை அறிந்தவர் நம்மில் சிலரே.

கல்லின் கதை

முதலில் புராணம் கூறுவதைக் கேட்போம். கற்பிழந்தமையால் சினந்த துளசி, திருமாலைக் கல்லாகும்படி சபித்தாள். அவளே பின்னர்க் கண்டகி ஆறானாள். அவள் கரையில் திருமால் கல்லாய்க் கிடக்க, வைரம் போன்ற பல்லையுடைய வச்சிர கீடம் என்னும் புழுக்கள் அக்கல்லைக் குடைந்து உள்ளே சக்கரம் வரைந்தன என்பது கதை.

நிலநூலார் கூறுவதும் ஒரு சிற்றுயிரின் கதையே. அச்சக்கரம் அம்மோனைட்டு என்னும் கடல்வாழ் உயிரின் ஓடு. நத்தை போலச் சுருண்ட ஓட்டினுள், நம் சந்தையில் விற்கும் கணவாய்க்கு உறவான ஓர் உயிர் வாழ்ந்தது. ஓடு பல அறைகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். கடைசி அறையில் உயிர் குடியிருக்கும். மற்ற அறைகளில் காற்றை நிரப்பி அது நீரில் மிதக்கும். வளர வளரப் பழைய அறையை அடைத்துவிட்டுப் புதிய அறை கட்டிக்கொள்ளும். சாளக்கிராமத்துச் சக்கரத்தின் ஆரங்களாக நாம் காண்பவை பெரும்பாலும் அவ்வோட்டின் புறத்து மேடுகளே. ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் இவை உயிரோடு திரிந்தன. 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், பெரும்பல்லிகள் அழிந்த காலத்தில், அம்மோனைட்டுக் குலமும் பூண்டற்றுப் போயிற்று.

ஓடு எவ்வாறு கல்லுக்குள் புகுந்தது? இறந்த உயிர் கடலடிச் சேற்றில் விழுந்தது. அச்சேறு காற்றோட்டமற்ற கருஞ்சேறு. அதில் உயிர்ப்பொருள் விரைவில் சிதையாது. மெல்ல அழுகிய உடலைச் சுற்றி நீரிலிருந்த தாதுக்கள் படிந்து, சேற்றை இறுக்கி உருண்டையாக்கின. மேலே மேலே சேறு படிந்து அழுத்த, முழுவதும் களிப்பாறை ஆயிற்று. இப்பாறைக்கு, இமாசலப் பிரதேசத்துப் பள்ளத்தாக்கு ஒன்றன் பெயரால், ஸ்பிதிக் களிப்பாறை என்று பெயர். களிப்பாறை மென்மையானது, வெயிலிலும் பனியிலும் ஏடு ஏடாக உதிர்ந்துவிடும். உள்ளிருந்த உருண்டையோ உதிராது. அது ஓடையில் விழுந்து, உருண்டு, தேய்ந்து, வழவழப்பாகி ஆற்றங்கரையில் ஒதுங்கும். அடிபட்டு வாய் திறந்த இடத்தில் சக்கரம் தெரியும். சிலவற்றுள் இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது படிந்து பொன்போல மின்னும். இரணியகர்ப்பம் என்று போற்றப்படுவன இத்தகையனவே.

இரண்டு கதைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போர்க்கு ஒன்று விளங்கும். உயிரற்ற கல்லில் ஓர் உயிரின் வேலைப்பாடு இருக்கிறது என்பதைப் பழையோர் தவறாமல் கண்டுகொண்டனர். முன்பின் வரிசைதான் மாறிற்று. புழு கல்லைக் குடையவில்லை. சேறு உயிரை மூடிப் பின் கல்லாயிற்று. நுண்பெருக்கியும் இன்றி, கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள மலையில் நின்று, இவ்வளவு கண்டதே பெரிது.

மேனாட்டு அறிவியலாரும் பெயர் வைக்கும்போது தெய்வத்தை விடவில்லை. ஆட்டுக்கடாவின் கொம்பையுடைய எகிப்திய தெய்வமாகிய அம்மோனின் பெயரே அம்மோனைட்டுக்கு ஆயிற்று. அது வாழ்ந்த கடலுக்கு எட்வர்ட் சூயெஸ் என்னும் அறிஞர் 1893ஆம் ஆண்டில் டெத்திஸ் என்று பெயரிட்டார். அது கிரேக்கக் கடல் தேவதையின் பெயர்.

அம்மோனைட்டுத் தமிழகத்திலும் உண்டு. அரியலூர், திருச்சிராப்பள்ளிப் பகுதிச் சுண்ணாம்புக்கற்களில் அவை ஏராளம். அவை கண்டகிக் கற்களினும் காலத்தால் இளையன. அங்கே அவற்றைச் சிமெண்டுக்கு அரைக்கிறோம்.

கடல் மலையானது

டெத்திஸ் கடலுக்குத் தெற்கே இருந்த இந்திய நிலத்தட்டு வடக்கு நோக்கி நகர்ந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசிய நிலத்தோடு மோதிற்று. இடையிலிருந்த கடலடிப் படிவுகள் மடிந்து, நொறுங்கி, ஒன்றன்மேல் ஒன்றேறி உயர்ந்தன. முஸ்தாங்கில் கோபுரம்போல நிற்கும் நீலகிரிச் சிகரங்கள் சுண்ணாம்புக்கல்லால் ஆனவை. (நம் உதகைக்குரிய நீலகிரி வேறு, இதன் உயரம் 7,000 மீட்டருக்கு மேல்.) சுண்ணாம்புக்கல் கடலில் பிறப்பது. ஆதலின் அப்பனிச் சிகரமும் ஒருகாலத்துக் கடலடியே.

இம்மலைத்தொடரைக் காளி கண்டகி ஊடறுத்துச் செல்கிறது. மேற்கே 8,167 மீட்டர் உயரமுள்ள தவளகிரி. கிழக்கே 8,091 மீட்டர் உயரமுள்ள அன்னபூர்ணா. இரண்டுக்கும் இடையே நேர்த்தொலைவு சுமார் 35 கிலோமீட்டர். நடுவே ஆறு 2,500 மீட்டர் உயர அளவில் ஓடுகிறது. சிகரத்திலிருந்து ஆற்றைப் பார்த்தால் ஐந்தரைக் கிலோமீட்டர் ஆழம். மலை எழுவதற்கு முன்பே ஆறு இருந்தது. மலை எழ எழ ஆறு அறுத்துக்கொண்டே தன் வழியைக் காத்தது என்பது நெடுநாளாக வழங்கும் விளக்கம்.

இப்பிளவைக் கடந்தால் நாடே மாறிவிடும். அன்னபூர்ணாவின் தென்சரிவிலுள்ள லும்லேயில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மலைக்குப் பின்னேயுள்ள ஜோம்சோமில் 300 மில்லிமீட்டரும் தேறாது. முற்பகல் முதல் மாலைவரை தெற்கிலிருந்து பெருங்காற்று பிளவு வழியே ஏறி மணலை வாரி இறைக்கும். காடு இல்லை, புல் அருமை. மண்ணின் எலும்பு வெளியே தெரிகிறது. சாளக்கிராமம் ஆற்றங்கரையில் கண்ணுக்குத் தென்படுவதற்கு இவ்வறட்சியும் ஒரு காரணம்.

ஒரு கோயில், இரு சமயம்

காளி கண்டகியோடு கிழக்கிலிருந்து ஓர் ஓடை வந்து கலக்குமிடம் காக்பேனி. அவ்வோடை வழியே மேலேறினால் 3,700 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் முக்திநாத். கோயில் சிறியது, நேபாளப் பாணியில் அடுக்குக் கூரையுடையது. அதன் பின்னே அரைவட்டச் சுவரில் 108 நீர்த்தாரைகள் காளை முகங்களின் வழியே பாய்கின்றன. பனி உருகி மலைக்குள் இறங்கிய நீர் அடிவாரத்தில் ஊற்றாகக் கசிந்து இத்தாரைகளுக்கு வருகிறது. அத்தனை தாரைகளிலும் நனைந்தெழுவது அடியார் வழக்கம். குளிரைப் பற்றிப் பிறகுதான் நினைப்பர்.

சற்றுத் தொலைவில் சுவாலாமாயி கோயில் இருக்கிறது. பௌத்தப் பெண்துறவியர் அதனைக் காக்கின்றனர். தரையை ஒட்டிய திரையை விலக்கிக் குனிந்து பார்த்தால், ஓடும் நீரின் அருகே நீலநிறச் சிறு சுடர் எரிவது தெரியும். பாறைப் பிளவு வழியே கசியும் இயற்கை எரிவாயுவே அதற்கு நெய். நீரும் நெருப்பும் பகையின்றி ஓரிடத்தில் இருப்பது கண்டவர், அதனைத் தெய்வ இடம் என்றதில் வியப்பில்லை.

முக்திநாதரை வைணவர் திருமாலாகத் தொழுகின்றனர். அதே திருவுருவைத் திபெத்தியப் பௌத்தர் அவலோகிதேசுவரராகத் தொழுகின்றனர். அவர்கள் இவ்வூரைச் சுமிக் கியாட்ஸா, அதாவது நூற்றுக்கும் மேற்பட்ட ஊற்று, என்பர். பத்மசம்பவர் திபெத்துக்குச் சென்ற வழியில் இங்குத் தவம் செய்தார் என்பது அவர்கள் மரபு. தமிழாசிரியர்க்கு இங்கே ஒன்றை நினைவூட்டலாம்: அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதரிடம் என்று வீரசோழியம் உரைக்கிறது. தமிழ் உரைத்ததாகப் பௌத்தப் புலவர் சொன்ன அந்த அவலோகிதரும், ஆழ்வார் பாடிய அந்தத் திருமாலும் முக்திநாத்தில் ஒரே உருவில் இருக்கின்றனர். சன்னதியில் இன்னார்க்கு உரியது என்னும் வழக்காடலும் இல்லை.

மண்மலையும் மடங்களும்

வடக்கே போகப் போக வேறொரு நிலம். இமயம் தெற்கு வடக்காக நெருக்கப்பட்டபோது, இப்பகுதி மட்டும் கிழக்கு மேற்காக இழுபட்டு, ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகளாக இறங்கிப் பள்ளமாயிற்று. தாக்கோலாப் பள்ளம் என்பது இதுவே. ஆறுகளும் ஏரிகளும் அதில் கூழாங்கல்லையும் மணலையும் களியையும் நிரப்பின. பின்னர் ஆறு அவற்றையே அறுத்தது. இன்று காண்பவை காவியும் மஞ்சளும் சாம்பலுமான மண்சுவர்கள். குழல் குழலாக அரிக்கப்பட்ட செங்குத்துகள்.

தக்மார் என்ற ஊரில் பாறை முழுவதும் குருதிச் சிவப்பு. அது இரும்புத் துருவின் நிறம். ஊரார் கூறுவது வேறு: பத்மசம்பவர் ஓர் அரக்கியை இங்கே கொன்றார், அவள் இரத்தமே பாறை ஆயிற்று, குடல் விழுந்த இடத்தில் கேமி ஊரின் நெடிய மணிச்சுவர் எழுந்தது, இதயம் விழுந்த இடத்தில் லோ கேகார் மடம். மந்திரம் பொறித்த கற்களை அடுக்கிய அச்சுவர், நேபாளத்தில் மிக நீண்டது என்பர். நிலத்தின் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கதை; ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு மடம்.

இம்மண்சுவர்களில் மனிதர் குடைந்த குகைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. பழமையானவை ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முந்தியவை. அவற்றுள் இறந்தோரை அடக்கம் செய்தனர். பிற்காலத்தில் சில குடியிருப்பாயின, சில துறவியர் உறையும் இடமாயின. லூரி என்னுமிடத்துக் குகையில் ஓவியம் தீட்டிய தூபி ஒன்று நிற்கிறது. குடைவதற்கு எளிது, ஆனால் சரியாது. அவ்வளவு பதமான மண்.

வடகோடியில் மதில் சூழ்ந்த லோ மந்தாங். 15ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த லோ அரசர், ஙோர் மடத்தை நிறுவிய ஙோர்சென் குங்கா சங்போ என்னும் சாக்யப் பெருந்துறவியைப் பலமுறை அழைத்தனர். அந்நூற்றாண்டில் எழுந்தவையே ஜம்பா, துப்சென் என்னும் இரு பெருங்கோயில்கள். மண்சுவரின்மீது களிப்பூச்சு, அதன்மேல் செப்புத் தாதுக்களை அரைத்தெடுத்த நீலமும் பச்சையும், பொன்னும். வண்ணம்கூடக் கல்லே.

1990களின் இறுதியில் இவ்வோவியங்களைப் புதுப்பிக்கும் பணி அமெரிக்க இமாலய நிறுவனத்தின் உதவியோடு தொடங்கிற்று. புகைக்கரியைத் துடைத்தபோது மறைந்திருந்த புத்தர்கள் வெளிப்பட்டனர். இத்தாலிய வல்லுநர்கள் ஊர்க்குடியானவர்க்கே, பெண்கள் உட்பட, அத்தொழிலைக் கற்பித்தது மிக நல்ல செயல். பின்னர் ஒரு பூசல் எழுந்தது. உதிர்ந்துபோன இடங்களை என்செய்வது? முகமில்லாத புத்தரை வணங்குவது எப்படி, நிரப்பித் தாருங்கள் என்றனர் ஊரார், வல்லுநரும் நிரப்பினர். பழைய ஓவியத்தின்மேல் புதுக் கை படலாமா என்று கலைநூலறிஞர் சிலர் கடிந்துரைத்தனர்.

சிதைந்த சாளக்கிராமமும் பூசைக்குரியதே என்பது நூல்மரபு. அதன் தெய்வத்தன்மை வடிவத்தில் இல்லை. ஓவியத்துப் புத்தருக்கோ வடிவமே உயிர். ஆகவே ஊரார் கேட்டது பேதைமையன்று. சுவர் அவர்களுக்குக் காட்சிச்சாலை அன்று, கோயில். ஆயினும் 15ஆம் நூற்றாண்டுக் கை எது, நம் காலத்துக் கை எது என்று பின்வருவோர் பிரித்தறிய ஒரு குறியேனும் இருத்தல் வேண்டும் என்பது என் கருத்து. இல்லையேல் அச்சுவரைச் சான்றாகக் கொள்ள முடியாமற் போகும்.

இதனினும் பெரிய இடர் வானத்திலிருந்து வருகிறது. மழையற்ற நாட்டுக்கென்று கட்டிய தட்டையான மண்கூரைகள் அவை. அண்மைக் காலத்தில் பனி குறைந்து, மழை அடித்துப் பெய்கிறது. கூரை ஒழுகிச் சுவர் நனைகிறது. மற்றொரு புறம் ஊற்றுகள் வற்றுகின்றன. குகைகளால் பெயர்பெற்ற சாம்ஜோங் ஊரார், வயலுக்கு நீரின்றித் தம் பழைய ஊரைவிட்டு வேறிடத்தில் குடியேறினர். 2023 ஆகஸ்டில் முக்திநாத்துப் பள்ளத்தாக்கின் ஓடையில் சேற்றுவெள்ளம் பெருகி வந்து காக்பேனியில் வீடுகளையும் பாலத்தையும் அடித்துச் சென்றது. அதுவும் கரிய சேறுதான். வீடுகளின் கீழ்த்தளத்தை நிரப்பிய அதனை ஊரார் பல நாள் மண்வெட்டியால் வாரிக் கொட்டினர்.