விலை இறங்கும், செலவு இறங்காது: பழைய ரேஞ்ச் ரோவர்

பழைய லக்சுரி எஸ்.யூ.வி. வாங்கினா தலைவலிதானா? ஒரு வண்டியை மட்டும் எடுத்துப் பார்ப்போம்: 2002 முதல் 2012 வரை வந்த மூன்றாம் தலைமுறை ரேஞ்ச் ரோவர்.

இதுல இரும்பு ஸ்பிரிங் கிடையாது. நாலு சக்கரத்துக்கும் காற்று நிரப்பிய ரப்பர் பைகள்தான். அதனாலதான் பயணம் அவ்வளவு சொகுசு. வயசாக ஆக ரப்பர்ல வெடிப்பு விழும், காற்று மெல்லக் கசியும். குறையுற காற்றை ஈடுகட்ட கம்ப்ரஸர் திரும்பத் திரும்ப ஓடி, கடைசியில் அதுவும் போயிடும். சீக்கிரமே பையை மாத்தியிருந்தா ஒரு செலவு, தள்ளிப்போட்டா ரெண்டு. உரிமையாளர்கள் பலர் சொல்ற கதை இது.

வாங்குறதுக்கு முன்னாடி வண்டியைச் சமதளத்துல நிறுத்தி, நாலு மூலையிலும் உயரத்தை டேப்பால் அளந்துக்கோங்க. மறுநாள் காலையில் ஸ்டார்ட் பண்ணாம மறுபடி அளங்க. ஒரு மூலையோ மொத்த வண்டியோ நல்லா இறங்கியிருந்தா, கசிவு இருக்கான்னு மெக்கானிக்கிட்ட காட்டுங்க.

வருஷா வருஷம் வண்டியோட விலை இறங்கும். ஆனா பாகங்களும் கூலியும் இன்னும் லக்சுரி கார் கணக்குலதான். ரிப்பேருக்குன்னு தனியா பணம் ஒதுக்க முடியலைன்னா, அந்த வண்டி இன்னும் உங்க பட்ஜெட்டுக்குள்ள வரலைன்னு அர்த்தம்.