வீடும் வரட்டும், வினாக்களுக்கு விடையும் வரட்டும்

“எலி வளையானாலும் தனி வளை வேண்டும்” என்பது நம் முன்னோர் வாக்கு. இதன் பொருளை ஊவா மலைத் தோட்டங்களில் வாழும் நம் மக்களைப் போல் உணர்ந்தவர் வேறெவரும் இலர். பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட காம்பரா ஒன்றும், அதன் முன்னே ஓர் இஸ்தோப்பும். இதற்குள்ளேயே பாட்டன் மூச்சை விட்டான், பேரன் பிறந்தான், மகளுக்குக் கல்யாணமும் நடந்தது. சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டார் இருமினாலும் இங்கே கேட்கும்.

இத்தகைய மக்களிடம் “உங்கள் தோட்டத்துக்குப் பெரியதொரு வீடமைப்புத் திட்டம் வரப்போகிறது” என்று சொன்னால் அவர்கள் ஆனந்தக் கூத்தாடுவர் என்றே பட்டணத்தார் எண்ணுவர். பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கங்களில் நம் மாணவரின் வீடுகளுக்குச் செல்லும்போது நாம் காண்பது சற்று வேறானது. ஆனந்தம் உண்டு, ஆனால் அதனோடு கவலையும் உண்டு. “எந்த மலையில் கட்டுவார்கள், சேர்? பீலித் தண்ணீர் போதுமா? உறுதி யார் பேரில் எழுதுவார்கள்?” என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். சிலர் இதனை நன்றியின்மை என்று கருதுவதுண்டு. நாம் அதனை அனுபவத்தின் குரல் என்றே கருதுகிறோம்.

லயத்திலிருந்து மனைக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென எழுந்தவை இந்த லயங்கள். கோப்பி நோயுற்று அழிந்து தேயிலை வந்தது, ஆனால் லயம் மாறவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. நிலம் அரசுக்குரியது, அதனை ஆள்வது குத்தகைக் கம்பெனி, அதில் வாழ்பவர் தொழிலாளி. ஒரு வீடு எழ வேண்டுமாயின், முதலில் இந்த மூவருக்கும் இடையே நிலம் கைமாற வேண்டும். தாமதத்தின் முதற் காரணம் இதுவே.

இந்திய அரசின் உதவியால் மலையகத்தில் 4,000 வீடுகள் கட்டும் வேலை நடந்தது. 2017 மே மாதம் நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க கலந்துகொண்ட வைபவத்தில், 2,000க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு வீட்டுரிமைப் பத்திரங்கள் அளிக்கப்பட்டன. அடுத்த மாதமே டித்வா புயல் வந்தது. நாடெங்கும் நூற்றுக்கணக்கானோர் உயிர்நீத்தனர். பதுளை மாவட்டத்து மலைகள் பல இடங்களில் சரிந்தன. வீட்டுக்கான அவசரம் இரட்டித்தது, இடத்தைப் பற்றிய அச்சமும் அவ்வாறே இரட்டித்தது.

மீரியபெத்த கற்பித்த பாடம்

அந்த அச்சத்துக்கு ஒரு பெயருண்டு, அதுவே மீரியபெத்த. 2014 ஒக்டோபர் 29ஆந் தேதி காலை, கொஸ்லந்தையை அடுத்த அத்தோட்டத்தின் லயங்களை மலை வந்து மூடியது. பள்ளிக்கூடம் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை.

அவ்விடம் அபாயமானதென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது என்பது நெஞ்சைச் சுடும் உண்மை. “போ” என்று சொன்னவர் உண்டு, “இங்கே வா” என்று இடங்காட்டியவர் இல்லை. தலைக்கு மேலே மலை அசையும் என்று அறிந்தும், போக்கிடமின்றி அவர்கள் அங்கேயே உறங்கினர். தப்பியோருக்காகப் பூனாகலையில் கட்டப்பட்ட 75 வீடுகள் 2016 ஒக்டோபரில் கையளிக்கப்பட்டன. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளும் தற்காலிகத் தங்குமிட வாழ்க்கைதான்.

ஆகவே வீடு கட்டுவதைத் தள்ளிப்போடுவது எவ்வகையிலும் தர்மமாகாது. மலையின் குணத்தை அறியாமற் கட்டினாலோ, ஓர் அபாயத்திலிருந்து எடுத்து மற்றோர் அபாயத்தில் வைத்ததாகும்.

கவலைகள் நான்கு

முதலாவது, மண். சரிவில் வீடு கட்டச் சமதளம் வெட்டும்போது மேல்மண்ணைத் தாங்கி நின்ற அடிமண் பறிபோகிறது. மழைநீர் உள்ளிறங்கி மண்ணைக் கனக்கச் செய்கிறது. பழைய தோட்டத்தில் நீரை வழிநடத்துவது கான். கான் வெட்டிப் பழகிய முதியவருக்கு எந்தச் சரிவில் நீர் ஊறும், எந்த மரம் சாய்கிறது என்பது தெரியும். புதிய வீடுகளின் கூரைநீரும் பாதைநீரும் எங்கே இறங்கும் என்று கீழ் லயத்தார் கேட்பது நியாயமே. மேலே கட்டப்படும் வீட்டின் தண்ணீர் கீழே உள்ள வீட்டின் சுவரைத் தேடி வரக்கூடாதன்றோ?

இரண்டாவது, குடிநீர். நாற்பது குடும்பம் நம்பியிருக்கும் ஓர் ஊற்றை நூறு குடும்பம் பங்கிட்டால், வரட்சி மாதங்களில் பீலிக்கரையில் சண்டை மூளும். பக்கத்துச் சிங்களக் கிராமத்தாருக்கும் அந்த ஊற்றில் பங்குண்டு. அவர்களையும் கேளாது தொடங்கும் திட்டம் அயலுறவைக் கெடுக்கும்.

மூன்றாவது, வேலை. கொழுந்து மலையை வெட்டி மனையாக்கினால் பெயர் விழும் நாட்கள் குறையுமோ என்று கொழுந்தெடுக்கும் பெண்கள் அஞ்சுகின்றனர். புதிய இடம் தூரமானால் பிள்ளைக் காம்பரா, பள்ளிக்கூடம், கோயில் யாவும் தூரமாகும்.

நான்காவது, உரிமை. குடும்பமொன்றுக்கு ஏழு பேர்ச் என்பது நடைமுறையாயிருந்தது. ஒரு பேர்ச் சுமார் 272 சதுர அடி, ஏழு பேர்ச் சுமார் 1,900 சதுர அடி. வீட்டுக்கு 550 சதுர அடி போனால் எஞ்சுவதில் காய்கறிப் பாத்தி வேண்டும், மாட்டுப்பட்டி வேண்டும், நாளை மணமுடிக்கும் மகனுக்கு ஓர் அறையும் வேண்டும். இத்தனைக்கும் மேலாக, கையில் வருவது செல்லுபடியாகும் உறுதியா, வெறுங் காகிதமா என்று அவர்கள் கேட்கின்றனர். பல வாக்குறுதிகளைக் கண்ட கண்கள் அவை.

அண்டை நாட்டிலும் அதே கேள்வி

இந்தக் கேள்விகள் நமக்கு மட்டும் உரியனவல்ல. 2020 ஓகஸ்டில் மூணாறை அடுத்த பெட்டிமுடியில் தேயிலைத் தோட்ட லயங்கள் மண்ணுள் புதைந்து, தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேர் மாண்டனர். 2024 ஜூலை 30ஆந் தேதி வயநாட்டில் நேர்ந்த மண்சரிவு 250க்கும் மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. அங்கே தப்பியோருக்கென கல்பற்றாவில் எல்ஸ்டன் தேயிலைத் தோட்டத்தைக் கேரள அரசு கையேற்று, 2025 மார்ச்சில் புதிய குடியிருப்புக்கு அடிக்கல் நாட்டியது. வீட்டுக்கு 5 சென்ட் நிலம் என்றிருந்த திட்டம் பின்னர் 7 சென்டாக உயர்ந்தது. அது நமது கணக்கில் பதினொரு பேர்ச்சுக்குச் சற்று மேல். அத்தோட்டத்திலேயே உழைத்தவர்களோ தமக்கு வரவேண்டிய நிலுவையைக் கேட்டுப் போராடினர். ஒருவருக்கு வாழ்வளிக்கும் நிலம் இன்னொருவருடைய பிழைப்பாகவும் இருக்கிறது என்பதை எல்ஸ்டன் காட்டுகிறது.

செய்ய வேண்டுவது யாது?

நாம் பெரிதாக எதையும் கேட்கவில்லை. அடிக்கல் நாட்டுமுன், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண் ஆய்வு முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் தோட்டத்துப் பிரட்டுக்களத்திலேயே வாசித்துக் காட்டலாம். கான், ஊற்று, பாதை ஆகியவற்றை வரைபடத்தில் குறிக்கும்போது, அவற்றை அறிந்த முதியவர்களையும் பெண்களையும் உடன் அழைத்துச் செல்லலாம். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்கு வேலை செய்யத் தடையாயிருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. ஆகவே புதிய குடியிருப்பின் பாதைக்கும் நீருக்கும் பின்னாளில் பொறுப்பேற்பவர் யார் என்பதை முன்னரே எழுதிவிடலாம். சாவியோடு உறுதியும் ஒரே நாளில் கையளிக்கப்படலாம்.

மாணவர்களுக்கும் ஒரு வேலையுண்டு. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 ஆனால் எச்சரிக்கை, 150 ஆனால் வெளியேற்றம் என்பது அந்நிறுவனத்தார் வகுத்த அளவு. ஒரு மழைமானியை வைத்து நாள்தோறும் குறிப்பெழுதும் பிள்ளை, தன் லயத்துக்கே காவலனாவான்.

கேள்வி கேட்பவனை வீட்டுக்கு எதிரி என்று எண்ணலாகாது. அந்த வீட்டில் உறங்கப்போகிறவன் அவனே. மீரியபெத்த மக்களுக்கு எச்சரிக்கை கிடைத்தது, இடம் கிடைக்கவில்லை. இனி எழும் குடியிருப்புகளில் இடமும் கிடைக்கட்டும், அந்த இடம் ஏற்றதா என்று சொல்லும் உரிமையும் கிடைக்கட்டும். அப்போதுதான் மழை இரவில் தாய் ஒருத்தி கூரையில் விழும் ஒலியைக் கேட்டும் கலங்காமல், பிள்ளையை அணைத்துக்கொண்டு கண்ணயர்வாள்.