உங்கள் ஈறுகளைப் பற்றி உமிழ்நீர் என்ன சொல்கிறது?

வயதானால் பல் விழத்தான் செய்யும் என்று நினைக்கிறீர்களா? அது சரியன்று. மூத்தோர் பற்களை இழப்பதற்கு ஈறு நோய் ஒரு முக்கியக் காரணம். இந்நோய் பெரும்பாலும் வலிக்காது. அதனால் பல் ஆடத் தொடங்கிய பிறகே பலர் பல் மருத்துவரிடம் செல்கிறார்கள்.

உமிழ்நீரில் என்ன தெரியும்?
ஈறு வீங்கிப் புண்ணாகும்போது, பல்லுக்கும் ஈறுக்கும் இடையே கசியும் நீர் உமிழ்நீரில் கலக்கிறது. கிருமிகளும் ‘எம்எம்பி-8’ போன்ற நொதிகளும் அதில் இருக்கும். பல்லைப் பிடித்து நிறுத்தும் நார்களை இந்த நொதி சிதைக்கிறது. நோய் தீவிரமாக இருக்கும்போது அதன் அளவு கூடும். சிகிச்சை பலன் தந்தால் குறையும்.

பரிசோதனை எப்படிச் செய்யப்படுகிறது?
ஊசி இல்லை, வலி இல்லை. சிறிய குப்பியில் உமிழ்நீரைத் துப்ப வேண்டும், அல்லது தண்ணீரால் வாயைக் கொப்பளித்து அந்நீரைக் கொடுக்க வேண்டும். சிகிச்சைக்கு முன்பும் சில வாரங்களுக்குப் பின்பும் எடுத்த அளவுகளை ஒப்பிட்டால், ஈறு ஆறுகிறதா என்பதை அறிய உதவும்.

இது மட்டும் போதுமா?
போதாது. எந்தப் பல்லில் பிரச்சினை என்பதை உமிழ்நீர் காட்டாது. அதற்குப் பல் மருத்துவர் மெல்லிய கருவியால் ஈறு இடுக்கின் ஆழத்தை அளப்பார். 3 மில்லிமீட்டர் வரை பொதுவாக இயல்பானது. 4 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் கவனம் தேவை. எலும்பின் நிலையை அறிய எக்ஸ்ரே எடுக்கப்படலாம். உமிழ்நீர்ப் பரிசோதனை எல்லாப் பல் மருந்தகங்களிலும் செய்யப்படுவதில்லை. உங்களுக்கு அது தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இவற்றைக் கவனியுங்கள்
• பல் துலக்கும்போது இரத்தம் கசிதல், நீங்காத வாய் நாற்றம், ஈறு இறங்குதல், பல் ஆடுதல் ஆகியவை ஈறு நோயின் அறிகுறிகள்.
• புகைபிடிப்போருக்கு ஈறு நோய் இருந்தும் இரத்தக் கசிவு குறைவாக இருக்கலாம்.
• நீரிழிவு ஈறு நோயை மோசமாக்கும். ஈறு நோயும் இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்கும்.
• சில மருந்துகளால் வாய் வறண்டு உமிழ்நீர் குறையலாம். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்துப் பட்டியலை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை
காலையிலும் இரவிலும் ஃபுளோரைடு பற்பசையால் பல் துலக்குங்கள். பல் இடுக்குகளையும் நாள்தோறும் சுத்தம் செய்யுங்கள். சாஸ் நீலம், சாஸ் ஆரஞ்சு, முன்னோடித் தலைமுறை, மெர்டேகா தலைமுறை அட்டை வைத்திருப்போர், சாஸ் திட்டத்தில் சேர்ந்துள்ள பல் மருந்தகங்களில் சில சிகிச்சைகளுக்குக் கட்டணச் சலுகை பெறலாம்.

வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றே முன்பதிவு செய்யுங்கள்.