ஏழு புளியங்கொட்டை

ஸ்ரீவராகம் கோயில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் என் தங்கை வீடு. அவள் மகளுக்கு நாலு வயது. போன விஜயதசமியன்று தாத்தா மடியில் உட்கார்ந்து பச்சரிசியில் முதல் எழுத்தை எழுதியவள். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி ஊர்வலமாக வந்து, கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் எழுந்தருளும் ஊர் இது. எழுத்தைத் தொடங்கிவைக்கத் திருவனந்தபுரத்தில் குறைவே இல்லை. தொடங்கியது எதுவரை வந்திருக்கிறது என்று பார்ப்பதில்தான் வீடுகள் தடுமாறுகின்றன.

“இருபது வரைக்கும் கடகடன்னு எண்ணுவா” என்று பாட்டி பெருமைப்பட்டார். எண்ணினாள், மூச்சுவிடாமல். நான் தரையில் ஏழு புளியங்கொட்டைகளை வைத்தேன். ஒவ்வொன்றாகத் தொட்டு ஏழு வரை சரியாகச் சொன்னாள்.

“மொத்தம் எத்தனை கண்ணு?”

மறுபடி “ஒண்ணு, ரெண்டு…” என்று ஆரம்பித்தாள்.

“சரி, மாமாவுக்கு நாலு குடு.”

கைக்கு வந்ததை அள்ளிக் கொடுத்தாள். ஆறு இருந்தது.

பாட்டிக்கு முகம் வாடிவிட்டது. வாட வேண்டியதில்லை. எண்ணுதல் என்பது ஒரே திறமை இல்லை என்று ரோஷெல் கெல்மனும் கேலிஸ்டலும் 1978-ல் வெளியிட்ட நூலில் பிரித்துக் காட்டினார்கள். எண்களை வரிசை மாறாமல் சொல்வது ஒன்று. ஒரு பொருளுக்கு ஒரு எண் என்று பொருத்துவது இரண்டாவது. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று புரிவது மூன்றாவது. முதல் இரண்டும் இவளிடம் இருக்கின்றன, மூன்றாவது வந்துகொண்டிருக்கிறது. இருபது வரை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

வாசிப்பும் இப்படித்தான். காக்கா கதைப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக ‘வாசித்தாள்’. படத்தைக் கையால் மறைத்து ஒரு சொல்லைக் காட்டியதும் என் முகத்தைப் பார்த்தாள். மனப்பாடம்! ஆனால் புத்தகத்தை நேராகப் பிடிக்கவும், இடமிருந்து வலமாக விரலை ஓட்டவும் தெரிந்திருக்கிறது. அதுவும் வாசிப்பின் ஒரு படிதான்.

பெரிய குழந்தைகளுக்கு இந்தப் படிகளை ஒரே தாளில் அடக்கியது ‘அசர்’ கணக்கெடுப்பு. பிரதம் அமைப்பு 2005-ல் அதைத் தொடங்கியது. கிராமத்து வீடுகளுக்கே போய், குழந்தையைத் தனியாக உட்காரவைத்துப் பார்ப்பார்கள். முதலில் ஒன்றாம் வகுப்புத் தரத்தில் ஒரு பத்தி. வாசித்தால் மேலே, இரண்டாம் வகுப்புக் கதைக்கு; திணறினால் கீழே, சொற்களுக்கு; அதுவும் வராவிட்டால் எழுத்துகளுக்கு. அரசுப் பள்ளி மூன்றாம் வகுப்பில் அந்தக் கதையை வாசிக்க முடிந்தவர்கள் 2022-ல் நாடு முழுவதும் கிராமங்களில் 16.3 சதவீதம், 2024-ல் 23.4. நாலில் மூன்று பிள்ளைகளுக்கு இன்னும் வரவில்லை.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது? தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அந்தந்த நிலைக்கேற்பச் சொல்லித்தருகிறார்கள். அரும்பை யாரும் திட்டுவதில்லை, அடுத்தது மொட்டு என்று தெரியும். அந்தப் பெயர்களே பாதிப் பாடம்.

ஸ்ரீவராகத்துத் தமிழ் வீடுகளில் இன்னொரு முடிச்சும் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், பள்ளியில் ஆங்கிலமும் சேரும். ‘தங்கம்’ என்ற சொல்லில் நாம் ககரத்தை மெலித்து ஒலிக்கிறோம். மலையாளத்தில் அதே சொல்லில் ககரம் வல்லோசையோடு வரும். இங்கே வளரும் பிள்ளை அப்படி வாசித்தால் அது பிழை இல்லை, பக்கத்து மொழியின் காது. ‘ஒன்று’ என்று அச்சிட்டிருப்பதை ‘ஒண்ணு’ என்று வாசிப்பதும் அப்படியே. எழுத்தைப் புரிந்துகொண்டுதான் பேச்சுக்கு மாற்றியிருக்கிறது. எண்பத்தொன்பதுக்குப் பிறகு திடீரென நூறு எட்டிப் பார்க்கும் ‘தொண்ணூறு’ இரண்டு மொழியிலும் பிள்ளைகளைத் தடுக்கும். ஒரு மொழியில் கேட்டு வராததை இன்னொரு மொழியில் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் ‘தெரியவில்லை’ என்று எழுத வேண்டும்.

வீட்டில் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பசியும் தூக்கமும் இல்லாத நேரம், விருந்தாளி இல்லாத நேரம். ‘தப்பு’ என்ற சொல் வேண்டாம். இரண்டு முறை திணறினால் நிறுத்திவிட்டு, தேதி போட்டு ஒரு வரி குறித்துவையுங்கள்: ‘ஏழு வரை தொட்டு எண்ணுகிறாள், நாலு கேட்டால் அள்ளித் தருகிறாள்.’ ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட அல்ல, போன மாதத்துக் குறிப்போடு ஒப்பிட. பலமுறை பார்த்தும் நகரவே இல்லையென்றால், முதலில் கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

தங்கையிடம் நான் சொல்லிவிட்டு வந்தது ஒன்றுதான்: ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டெடுக்கும் வேலையை அவளிடம் கொடு.

மூன்று வாரம் கழித்துத் தங்கை போன் செய்தாள். “நாலு தட்டு எடுத்துட்டு வான்னு சொன்னேன் அண்ணா. அஞ்சு எடுத்துட்டு வந்தா. வச்சு எண்ணிப் பார்த்துட்டு, ஒண்ணைத் திருப்பிக் கொண்டுபோய் வச்சுட்டா.”

பாட்டியிடம் அந்த வரியைக் குறித்துவைக்கச் சொன்னேன், தேதியோடு.